இரண்டு ஊருக்கும் நான்தான் எழுதினேன்

நான் பிறந்தது மல்லசமுத்திரம். வாழ்க்கைப்பட்டது ஓமலூர். முதலாவது நாமக்கல் மாவட்டம், இரண்டாவது சேலம் மாவட்டம். கல்யாணமான நாளிலிருந்து இங்கேயும் அங்கேயுமாகப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறேன். பஸ் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டால் எங்கே ஒரு மாவட்டம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாது. அப்படி ஒரு எல்லை இருப்பதே, ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி தன் புதிய தலைமையகத்துக்கு ஊர் தேடுகிறது என்று செய்தி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெரிய கம்பெனி. பல நாடுகளில் கிளை வைத்திருந்தது. சென்னையும் வேண்டாம், பெங்களூரும் வேண்டாம், நடுத்தரமான ஒரு ஊரில் தலைமையகம் கட்டப்போகிறோம், விருப்பமுள்ள ஊர்கள் எங்களிடம் வந்து பேசலாம் என்று அறிவித்தார்கள். கோயமுத்தூர், திருச்சி, மதுரை, ஓசூர் என்று வரிசையாக ஆள் சேர்ந்தது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் முன்னால் நின்று ஒரு கமிட்டி போட்டார்கள். என் வீட்டுக்காரர் அங்கே வெல்ல மண்டி வைத்திருக்கிறார், அதனால் அவரும் கமிட்டியில் ஒருவர். தலைவராக எதிர்க்கடை பாயைத் தேர்ந்தெடுத்தார்கள். மளிகை மொத்த வியாபாரம். தெருவில் எந்தச் சண்டை வந்தாலும் அவர் வந்து நின்றால் குரல் இறங்கிவிடும்.

பாய் எதற்காகத் தலைமைக்கு ஒத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். அவர் வீடும் ஓமலூரில்தான், மூத்த மகள் என்னிடம் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்ததும் பெங்களூரில் வேலை கிடைத்தது. அங்கே சொந்தபந்தம் யாரும் இல்லை என்று வீட்டில் அனுப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு இருந்தாள். வழியில் பார்த்தால், "நல்லா இருக்கேன் டீச்சர்" என்பாள். நான் கேட்பதற்கு முன்பே அந்தப் பதிலைச் சொல்லிவிடுவாள்.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து சீக்கிரமே வந்து, செருப்பைக் கழற்றும்போதே "டீச்சர்" என்று கூப்பிட்டார். ஓமலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் எடுக்கிறேன். ஆனால் ஏதாவது காரியம் ஆகவேண்டும் என்றால்தான் அவர் வாயில் டீச்சர் வரும்.

"கம்பெனிக்காரங்க நேர்ல வாராங்களாம். பாய் இங்கிலீஷ்ல பேசோணும். நீதான் எழுதித் தரோணும்."

"என்ன எழுதோணும்?"

"சேலத்தைப் பத்தி எழுது. ஆசியாவுலயே இந்த மாதிரி ஊரு இல்லீன்னு ஆரம்பிச்சுரு."

ஆசியாவை விட்டுவிடுங்கள், சேலத்தை மட்டும் எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் அண்ணனிடமிருந்து போன். அண்ணன் மல்லசமுத்திரத்தில்தான் இருக்கிறார். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வைத்து, ஊர் ஊராகப் போர் போட அனுப்புகிறவர்.

"அம்முணி, நம்ம பக்கமும் ஒரு கமிட்டி போட்டுட்டமல்ல. அந்தக் கம்பெனிக்காரங்களுக்கு நாலு நல்ல வார்த்தை இங்கிலீஷ்ல எழுதோணும். உன்னைய உட்டா எனக்கு யாரு இருக்கறா?"

"இல்லீங்ணா, நேத்துத்தான் உங்க மாப்பிள்ளைக்கு எழுதித் தாரேன்னு சொன்னேன்."

அவருக்குப் பின்னால் ஒரு ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது.

"அவியளுக்கு எழுதினா எழுதிக்க சாமி. பொறந்த ஊட்டுக்கு எழுத மாட்டியா?"

அவருக்கும் எழுதுவதாக ஒத்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் நேரடியாகவே சொல்லிவிட்டேன். இரண்டு பக்கத்துக்கும் நான் எழுதப்போகிறேன், இங்கே நடப்பதை அங்கே சொல்ல மாட்டேன், அங்கே நடப்பதை இங்கே சொல்ல மாட்டேன், பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகம் சுண்டியது. "அதெப்பிடி, ஒரே ஆளு ரெண்டு டீமுக்கும் பௌலிங் போடுவியா?" என்று கேட்டார். வேறு ஆள் கிடைக்காது என்பதும் அவருக்குத் தெரியும். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யோசித்துவிட்டு, "செரி, ஆனா எங்களுது கொஞ்சம் நல்லா இருக்கோணும்" என்றார். அண்ணனும் போனில் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்.

எழுத உட்கார்ந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. சேலத்தைப் பற்றி எதை எழுதினாலும் அது அண்ணன் ஊருக்கும் பொருந்தியது. அதே காவிரித் தண்ணீர், அதே வெயில், காலையில் காலேஜ் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற அதே பிள்ளைகள். சேலத்துக்கு எல்லாத் திசையிலும் ரயில் இருக்கிறது, பக்கத்தில் ஏற்காடு இருக்கிறது, ஓமலூருக்கு வெளியே விமானம் வந்து இறங்குகிறது என்று எழுதினேன். அண்ணன் பக்கத்துக்கு ரிக் வண்டிகள். "காஷ்மீர்ல இருந்து கன்னியாகுமரி வரைக்கும் நம்ம வண்டி எறங்காத மண்ணு இல்ல, அதை மொதல்ல போடு" என்று சொல்லியிருந்தார். திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் சாமி பாதி ஆண், பாதி பெண் என்பதையும் சேர்த்தேன். பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று எல்லாக் கம்பெனியும் சொல்கிறது, எங்கள் ஊரில் அதைச் சாமியே செய்துவிட்டார் என்று எழுதியபோது எனக்கே பிடித்திருந்தது. வீட்டுக்காரர் பக்கத்து அறையிலிருந்து, "என்ன, தனியாச் சிரிக்கற? எந்த ஊருக்கு அது?" என்றார். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டில், எங்கள் ஒறம்பரையில், ஒரு காதுகுத்து. அண்ணனும் வீட்டுக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் அப்படித்தான் உட்காருவார்கள். ரசத்துக்கு வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

"ஏனுங்க மாப்ளே, ஏரோப்ளேன் பத்தியெல்லாம் எழுதச் சொல்லியிருக்கீங்களாமா?" என்று அண்ணன் மெதுவாகத் தூண்டில் போட்டார்.

"அதையெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுங்க மச்சான்."

"சொல்றதுக்கு என்ன இருக்குது? அது ஒரு நாளைக்கு வருது, ஒரு நாளைக்கு வாரதில்லை."

"வராத ஏரோப்ளேனாவது எங்களுக்கு இருக்குதுங்க. உங்களுக்கு அண்ணாந்து பாக்கத்தான் முடியும்."

அண்ணன் மோருக்குக் காத்திருக்காமல் இலையை மடக்கி எழுந்துவிட்டார். அண்ணன் மனைவியை நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். அவர் எனக்கு எதிர்ப் பந்தியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவும் இடத்தில் என் தோளில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார். "கம்பெனி வருதோ இல்லையோ, இவிய ரெண்டு பேருக்கும் வேல வந்துருச்சு கண்ணு" என்றார். ஆனால் அன்றைக்குப் பிறகு இரண்டு பேரும் நிஜமாகவே பேச்சை நிறுத்திவிட்டார்கள். பொங்கலுக்குத் துணி எடுத்துக்கொண்டு வந்த அண்ணன், வீட்டுக்காரர் மண்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்துவிட்டுப் போனார். அது மட்டும் எனக்கு வெசனமாக இருந்தது.

கம்பெனிக்காரர்கள் ஒரே நாளில் இரண்டு பக்கமும் பார்ப்பதாக ஏற்பாடு. காலையில் சேலம், மதியத்துக்கு மேல் திருச்செங்கோடு. மூன்று பேர் வந்தார்கள். தலைமை ஒரு பெண்மணி, என் வயதுதான் இருக்கும். வடக்கத்திக்காரர். காட்டன் சேலை, கழுத்தில் மூக்குக் கண்ணாடி தொங்கியது. யார் பேசினாலும் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.

சேலத்தில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் கூட்டம். பாய் வெள்ளைச் சட்டையில் மேடையேறினார். கடையில் வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் பழகியிருக்கிறார். நான் எழுதியதைத் தடுமாறாமல் படித்தார். ரயில், மலை, மாம்பழம் எல்லாம் நல்லபடியாகத் தாண்டினார். கடைசிப் பத்திக்கு வந்ததும் நிறுத்தினார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மா, இனிமே நான் தமிழ்லயே சொல்லிடறேங்க. எங்க டீச்சர் உங்களுக்கு எடுத்துச் சொல்லுவாங்க" என்றார். நான் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இந்த ஊர்ல நல்லாப் படிச்ச பொண்ணுங்க நெறைய இருக்காங்க. வெளியூர் அனுப்பறதுக்கு எங்களுக்குத்தான் தைரியம் இல்லை. அதுங்க மேல தப்பில்லை. என் வீட்லயே ஒண்ணு இருக்குது. வேலை கெடைச்சுது, நான்தான் வேண்டாம்னுட்டேன். இப்ப தெனமும் அது மூஞ்சியப் பாக்கறேன். நீங்க இங்க வந்தீங்கன்னா அது சாப்பாட்டு டப்பாவை எடுத்துட்டுக் காலைல போயிட்டுச் சாயங்காலம் வந்துரும். எனக்கு அவ்வளவுதாங்க வேணும்."

அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் மகள் பின்வரிசையில் தண்ணீர் பாட்டில் கொடுக்கிற பெண்களோடு நின்றிருந்தாள். அவள் தன் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், மேடையிலிருந்து இறங்கி அவர் நாற்காலியில் உட்காரும்வரைக்கும்.

மதியம் அண்ணன் அனுப்பிய காரில் திருச்செங்கோட்டுக்குப் போனேன். ஒரு காலேஜ் அரங்கம். எப்போதும் வேட்டியில் இருக்கும் அண்ணன் அன்றைக்குப் பேன்ட் போட்டு, இடுப்பை அடிக்கடி மேலே இழுத்துக்கொண்டிருந்தார். உரையை ஒரு காலேஜ் மாணவி படித்தாள். சாமியைப் பற்றிய வரிக்கு அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூட்டத்தைத் துழாவினார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து நின்றது அந்தப் பார்வை.

"காலையில் சேலத்தில் நீங்கள்தானே மொழிபெயர்த்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் எழுவதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார். "யெஸ் மேடம். மை சிஸ்டர். கிவன் டு சேலம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்மணியும் சிரித்தார். அப்புறம், "ஊரில் ஒரு பெண் பஸ்ஸைத் தவறவிட்டால், அவள் ஏறிப் போகும்வரை பக்கத்துக் கடைக்காரர் கடையை அடைக்க மாட்டார் என்று ஒரு வரி. காலையிலும் கேட்டேன், இப்போதும் கேட்டேன். இரண்டில் எந்த ஊருக்கு அது சொந்தம்?" என்றார்.

எனக்குத் தெரியாமலே இரண்டிலும் எழுதியிருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டையில் என்னை அப்படி நிற்கவைத்துப் பார்த்துக்கொண்ட கடைக்காரர் ஒருவர், மல்லசமுத்திரத்தில் படிக்கிற காலத்தில் இன்னொருவர். "இரண்டு ஊரிலும் நடந்தது மேடம்" என்றேன். அதுதானே உண்மை.

டீ குடிக்கும்போது என்னைத் தனியே கூப்பிட்டார். உங்களிடம் முடிவை விட்டால் எந்த ஊரைச் சொல்வீர்கள் என்று கேட்டார். காலையில் கேட்டிருந்தால் ஒன்றும் இப்போது கேட்டால் ஒன்றும் சொல்வேன் என்றேன். பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார் என்று பட்டதால், மனதில் இருந்ததையும் சொன்னேன். எங்கே கட்டினாலும் முதலில் பஸ்ஸுக்கு வழி செய்யுங்கள், இரவு ஷிப்ட் முடிந்து வருகிற பெண்ணுக்கு இரண்டு பக்கமும் பஸ் கிடையாது, கடைக்காரரை நம்பித் தலைமையகம் நடத்த முடியாது என்றேன். அவர் தலையை ஆட்டி, டீயை முடித்துவிட்டு, "நன்றி" என்று தமிழில் சொன்னார்.

அவர்கள் கார் வெளியே போனதும் அண்ணன் வந்தார். "பஸ் பத்தி என்னமோ சொன்னியே, நல்லதா சொன்னியா கெட்டதா சொன்னியா?"

"இல்லீன்னு சொன்னேனுங்ணா."

"எதுக்குச் சாமி அதைச் சொன்னே?"

"கேட்டாங்க."

செய்தி சேலத்துக்கும் போய்விட்டது. ஒரு வாரத்துக்கு வீட்டுக்காரர் என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, டீச்சர் என்றும் கூப்பிடவில்லை. அண்ணனிடமிருந்து போனும் இல்லை. ஆளுக்கொரு பக்கம் இருந்துகொண்டு இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் கோபித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது ஒற்றுமை வந்ததே என்று நான் பாட்டுக்குப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு கொஞ்ச காலம் கம்பெனியிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. பஸ்ஸில் சேலம் போய்வரும்போது, ஊருக்கு வெளியே கிடக்கும் கரட்டு நிலத்தைப் பார்ப்பேன். அங்கே கண்ணாடிக் கட்டிடம் ஒன்று எழுந்து நிற்பதாகவும், என்னிடம் படித்தவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு அதிலிருந்து வெளியே வருவதாகவும் நினைத்துப் பார்ப்பேன். அப்படியே அந்த இடத்தில் மேய்கிற ஆடுகளையும் பார்ப்பேன். அவையும் நன்றாகத்தான் இருந்தன.

வெயில் ஏறத் தொடங்கிய சமயம், இரவுச் சாப்பாட்டின்போது டிவியில் சொன்னார்கள். கோயமுத்தூர். வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். எனக்குப் பாயின் முகம்தான் ஞாபகம் வந்தது. அப்போது வீட்டுக்காரரின் போன் அடித்தது. திரையைப் பார்த்தவர், எச்சில் கையோடு இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார்.

"பாத்தீங்களா மாப்ளே?" அண்ணன் குரல் எனக்கே கேட்டது.

"பாத்தேனுங்க மச்சான். அவிய ஊருக்கு இல்லாதது என்னங்க இருக்குது? இதுவும் அவியளுக்கேவா?"

"அதானே! நாமளாவது ஒண்ணாச் சேந்து கேட்டிருக்கோணும் மாப்ளே. ரெண்டு பக்கமும் இழுத்து அவனுக்குக் குடுத்துட்டம்."

காதுகுத்துப் பந்தியைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கோயமுத்தூரின் போக்குவரத்து நெரிசல், வீட்டு வாடகை, அங்கே கல்யாண மண்டபத்துக்கு ஆகிற செலவு என்று ஒன்று விடாமல் திட்டித் தீர்த்தார்கள். கை காய்ந்து போகும்வரை பேச்சு முடியவில்லை. நான் அவர் தட்டை எடுத்துப்போய் மூடிவைத்தேன். ஒரு தலைமையகம் கைவிட்டுப் போன ராத்திரியில் எனக்கு இத்தனை நிம்மதியாக இருந்தது யாரிடமும் சொல்லக்கூடியதில்லை.

கட்டிடம் எழுந்து, புதிய இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவித்ததும் பாயின் மகள் தேர்வு எழுதினாள். இன்டர்வியூவும் முடித்தாள். வேலை கிடைத்தது. பாயின் தங்கையைக் கோயமுத்தூரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெங்களூர் மாதிரி ஆள் இல்லாத ஊர் இல்லை. ஆனாலும் பாய் முடிவெடுக்காமல் இருந்தார். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டதும் என்னை மண்டிக்கு வரச்சொன்னார் வீட்டுக்காரர். செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் மூட்டை இறக்கும் வண்டிகளுக்கு நடுவில் ஒதுங்கி ஒதுங்கிப் போனேன். பாய் எனக்காகவே கடை வாசலில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்.

"டீச்சர், அனுப்பலாங்களா?"

"அவளைக் கேட்டீங்களா?"

"கேக்கலைங்க. கேட்டா போறேன்னு சொல்லும்."

அதைச் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மகளைக் கூப்பிட்டார். "என்னம்மா முடிவு பண்ணியிருக்கே?" என்றார்.

"பெட்டி கட்டி வச்சுட்டேன் அத்தா" என்றாள் அவள். "ரெண்டு நாளாச்சு. கட்டிலுக்கு அடியில இருக்குது."

பாய் போனை மேசைமேல் வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். கடைப் பையனைக் கூப்பிட்டு எல்லோருக்கும் டீ சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் முதல் தடவை ஊருக்கு வந்த சனிக்கிழமை நானும் செவ்வாய்ப்பேட்டையில் இருந்தேன். அண்ணன் வண்டிக்கு உதிரிபாகம் வாங்கச் சேலம் வந்தவர், மண்டியில் வீட்டுக்காரரோடு உட்கார்ந்திருந்தார். அவளை நடுவில் நிற்கவைத்து ஆளாளுக்குக் கேட்டார்கள். எத்தனை மாடி, லிப்ட் எத்தனை, நிஜமாகவே கண்ணாடிதானா.

"போர் போட்டிருக்காங்களா கண்ணு? எத்தனை அடியில தண்ணி?" இது அண்ணன்.

"தெரியலீங்க மாமா."

"விசாரிச்சுச் சொல்லு சாமி. நம்ம வண்டி அந்தப் பக்கந்தான் நிக்குது."

"கேன்டீன்ல காப்பிக்கு என்ன போடறாங்க, வெள்ளைச் சர்க்கரையா, நாட்டுச் சர்க்கரையா?" என்றார் என் வீட்டுக்காரர். "யார்கிட்டப் பேசோணும்னு மட்டும் கேட்டு வையி."

அந்த ஊரை அத்தனை திட்டியவர்கள், இப்போது அங்கே வியாபாரத்துக்கு வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் மூட்டைமேல் சாய்ந்து, அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி தீராது போலிருந்தது. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனைத் தள்ளுவண்டிக்குப் போனேன். இரண்டு தட்டுவடை செட் சொன்னோம். பீட்ரூட்டும் சட்னியும் வழிய வழியத் தின்றுகொண்டே, வேலையில் ஒரு பெரிய தவறை அவள் கண்டுபிடித்ததையும், சீனியர் முதலில் ஒத்துக்கொள்ளாமல் பிறகு எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டியதையும் சொன்னாள். காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். வகுப்பில்கூட அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் சுவரோரமாக ஒதுங்கி நின்று இன்னொரு செட் சொன்னோம்.